பதினேழு பங்காளிகளின் வீடு

பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியில் வந்து நிற்கும்போது நன்றாக இருட்டிவிடும். அதனால் அந்த வீட்டை முதலில் பார்த்தது மறுநாள் விடிகாலையில். கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஒரு பக்கம் செல்போன் கடை, இன்னொரு பக்கம் பூச்சு வேலை முடியாத நாலு மாடி ஜவுளிக்கடை. இரண்டுக்கும் நடுவே, காரை உதிர்ந்த முகப்போடு நின்றது வீடு. உச்சியில் யானைகள் நீர் சொரிய அமர்ந்திருக்கும் சுதை லட்சுமி. அவளுக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மாடிக் கைப்பிடியின் இரும்புக் கிராதியில் குடும்பத்தின் விலாசம், ஆங்கில எழுத்துகளில். வீடு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பது தெருவிலிருந்து தெரியாது. பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது. எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்தால், இந்தத் தெருவில் நிற்பவருக்கு அந்தத் தெருவில் போகிற சைக்கிள் தெரியும்.

வீட்டுக்கு இன்றைக்குப் பதினேழு பங்காளிகள். அவர்களில் ஒன்பது பேர் விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். வாங்க வருகிறவர், கீழே கடைகளும் மேலே கல்யாண மண்டபமும் கட்டப் போவதாகப் பேச்சு. விற்க மனமில்லாத ஒருவர், பெங்களூரில் வேலை பார்ப்பவர், என்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். “நிறுத்த முடியுமான்னு எனக்குத் தெரியலை. என்ன இருந்துச்சுன்னு முழுசா எழுதியாவது வச்சிடணும்” என்றார். கட்டடக்கலை படிக்கும் இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, டேப்பும் லேசர் மீட்டரும் கேமராவும் வரைபலகையுமாகப் போய் இறங்கினோம்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. அதற்கு முன்பே கடைத்தெருப் பக்கம் மனை விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. இப்போது தரகர்கள் தினமும் வருகிறார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர்கள் வீட்டைக் கேட்பதில்லை. எத்தனை சென்ட், ரோட்டு முகம் எத்தனை அடி என்று மட்டும் கேட்கிறார்கள்.

உள்ளே இருப்பவர் ஆச்சி ஒருவர் மட்டும். எண்பதைத் தாண்டியவர், பங்காளி ஒருவரின் மனைவி. கணவர் காலமாகிப் பல வருஷமாகிறது. இரண்டாம் கட்டில் ஓர் அறையும் பின்கட்டில் ஓர் அடுப்பும் அவருடைய புழக்கத்தில் இருக்கின்றன. மற்றவை பூட்டிக் கிடக்கின்றன. பங்கு வாரியாகப் பூட்டு, பங்கு வாரியாகச் சாவி. பல சாவிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. வீடு எப்போது கட்டியது என்று கேட்டோம். ஆச்சி வருஷம் சொல்லவில்லை. “எங்க மாமனாரோட அப்பச்சி பர்மாவுக்கு மூணாவது கணக்குப் போயிட்டு வந்தாக. அப்பறம் கடக்கால் போட்டாகளாம். முடிக்க ஏழெட்டு வருசம் ஆச்சாம்” என்றார். ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு சொந்தமாகக் கடை வைத்த தலைமுறை அது.

நகரத்தார் ஊர்களின் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரைக்குள் எழுந்தவை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. ஐராவதி டெல்டாவில் நெல் விளைவித்த குடியானவர்களுக்கு இவர்கள் கடன் கொடுத்தார்கள். 1930-களின் மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனின் கோபத்தையும் சேர்த்தே இந்த வீட்டின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தார்கள். கடையைப் போட்டுவிட்டு, நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்கள் பலர். போர் முடிந்தபின் அந்த நிலமும் பணமும் திரும்பவில்லை. வீடு கட்டிய வருமானம் நின்றுபோனபின் அதைப் பராமரிக்கும் வருமானம் எங்கிருந்து வரும்? இந்த வீட்டில் கடைசியாக முழுசாக வெள்ளை அடித்தது ஆச்சிக்குக் கல்யாணமான வருஷத்தில்.

வளவிலிருந்து வேலையைத் தொடங்கினோம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசையோடு பத்தி, பத்தியை ஒட்டி அறைகள். தூணுக்குத் தூண் தனித்தனியாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து கடைசியில் அரையடி காணாமல் போகும். ஆகவே ஒரு மூலையில் டேப்பின் முனையை வைத்து நீளமாக இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு தூணும் எந்த அளவில் விழுகிறது என்று ஓட்டமாகவே எழுதினோம். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவு. இரண்டும் சமமாக வந்தால் முற்றம் மூலைமட்டத்தில் நிற்கிறது என்று பொருள். இங்கே வித்தியாசம் ஒன்றரை அங்குலம்தான். கயிறும் தூக்குக்குண்டும் வைத்துக் கட்டியவர்களின் கணக்கு அது. பக்கத்து ஜவுளிக்கடைக்கு அடித்தளம் தோண்டிய பக்கத்தில் மட்டும் சுவர் சற்றே வெளியே சாய்ந்திருந்தது. அதையும் தூக்குக்குண்டு விட்டு மூன்று உயரங்களில் குறித்தோம். வெயில் ஏறியபின் லேசரின் சிவப்புப் புள்ளி முற்றத்தில் கண்ணுக்குத் தெரியாது. எனவே திறந்த இடங்களைக் காலையிலும் அந்தியிலும் அளந்தோம். நடுப்பகலில் அறைகளுக்குள் புகுந்துகொண்டோம்.

பத்தித் தூண்கள் பர்மாத் தேக்கு. அடியில் கருங்கல் பீடம், தலையில் பூமொட்டுத் தொங்கும் போதிகை. மாணவி ஒருத்தி தூணின் அடிப்பகுதியைப் படம் எடுக்க டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்தபோது, மரத்தில் உளியால் கொத்திய சிறு குறி ஒன்று நிழலாக எழுந்தது. தமிழ் எண் ‘௪’. அடுத்த தூணில் ‘௫’. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் போதிகையின் பக்கவாட்டிலும் அதே எண்கள். தச்சர்கள் எல்லாவற்றையும் கீழே இழைத்துப் பொருத்திப் பார்த்து, எண் போட்டுப் பிரித்து, பிறகு மேலே ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் வரைபடத்தில் தூண்களுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்திருந்தோம். அதை அழித்துவிட்டுத் தச்சர் போட்ட எண்களையே எழுதிக்கொண்டோம். முற்றத்தைச் சுற்றிவர எண் வரிசை எங்கும் தப்பவில்லை. வடகிழக்கு மூலையிலிருந்து வலமாகப் போகிறது.

சுவரைத் தொட்டால் கண்ணாடிபோல் வழுவழுப்பு. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. இன்றும் ஆளுயரம் வரை முகம் தெரிகிறது. அதற்கு மேலே, கூரை ஒழுகிய இடங்களில், உப்பு பூத்துக் காரை பொரிந்து நிற்கிறது. கீழே ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவதில்லை. அதன் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, பிறகு நடக்கிற கால்கள் கொடுத்தது. பூட்டிய அறைகளில் கல் மங்கிக் கிடந்தது. ஆச்சி நடக்கும் வழி மட்டும், இரண்டாம் கட்டிலிருந்து சாமி வீடுவரை, மின்னியது. மாடிப்படிச் சுவரில் பெயர்ந்திருந்த ஒரு பூவேலைப் பீங்கான் பதிகல்லைத் திருப்பிப் பார்த்தால் ‘மேட் இன் ஜப்பான்’.

இத்தனையும் அளந்து, எண்ணி, படம் எடுத்தாலும் வீடு பாதிதான் பதிவாகியிருக்கும். மறுபாதி ஆச்சியிடம் இருந்தது.

பின்கட்டின் நீளச் சுவரில் கரிப் பிடித்த திட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. எங்களுக்கு அவை வெறும் கறை. ஆச்சி ஊன்றுகோலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “இது பெரியாச்சி அடுப்பு. இது எங்க மாமியார். இது சின்ன ஐத்தான் பொஞ்சாதி. இந்தக் கடைசில இருக்கே, இது எனக்கு வேறு வச்சப்ப போட்டது.” மகனுக்குக் கல்யாணமானதும் ஒரு புள்ளி. புதுத் தம்பதிக்கு வீட்டுக்குள்ளேயே தனி அறை, தனிக் கணக்கு, தனி அடுப்பு. இதுதான் வேறு வைப்பது. சாமான்களும் சீரும் அந்தந்தப் புள்ளியின் அறைக்குள். உட்காருவது, படுப்பது, விசேஷம் எல்லாம் பொதுவான பத்தியில். ஒரே கூரையின் கீழ் எட்டுப் பத்துக் குடும்பங்கள் மனஸ்தாபம் முற்றிவிடாமல் வாழ்வதற்குப் போட்ட ஏற்பாடு. எட்டு அடுப்பு எரிந்த நாட்களில் எந்த அடுப்பில் முதலில் பால் காயும், யார் குழம்பு யார் வீட்டுக்குப் போகும், எந்த இரண்டு அடுப்புகள் ஆறு மாசம் பேசாமல் இருந்தன என்பது வரைக்கும் சொன்னார். ஒவ்வோர் அடுப்பையும் வரைபடத்தில் குறித்து, பக்கத்தில் அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதினோம்.

முகப்பில் கணக்குப்பிள்ளையின் சாய்மேசை இருந்த இடம், மழை நாளில் கிடாரங்கள் வைத்துக் கூரைத் தண்ணீர் பிடித்த மூலைகள், மிச்சத் தண்ணீர் கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு இறங்கி ஊருணிக்குப் போன பாதை, பெண் பார்க்க வருகிறவர்களைப் பெண் எந்தச் சன்னலிலிருந்து பார்த்தாள் என்பது, இவை எதுவும் டேப்பில் வராது. பழைய வீட்டைப் பதிவுசெய்யப் போகிறவர்கள் முதல் நாளே கட்டடத்தை அளக்க ஓட வேண்டாம் என்பேன். கட்டடம் இன்னும் சில மாதம் நிற்கும். அதில் சமைத்த, பிள்ளை பெற்ற, படைத்த மனுஷியின் நினைவை முதலில் எழுதிவிட வேண்டும்.

படைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்னோருக்குப் படைக்கும் நாளில், எந்த ஊரில் இருந்தாலும் பங்காளிகள் வந்து சேர வேண்டும். சாமி வீட்டில் புடவையும் வேட்டியும் வைத்துப் படைப்பார்கள். வளவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்த வீடு இத்தனை வருஷம் விழாமல் நின்றதற்கு முக்கியக் காரணம் அந்த ஒரு நாள்தான். அதற்காகத்தான் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பூட்டுகள் திறந்தன, ஒட்டடை அடிக்கப்பட்டது. விற்கச் சம்மதித்த ஒன்பது பேரில் சிலரிடம் பேசினேன். அவர்கள் வீட்டை வெறுப்பவர்கள் அல்ல. “படைப்புக்கு எங்க போறதுன்னுதான் அண்ணே ரோசனையா இருக்கு” என்றார் ஒருவர். பதினேழில் ஒரு பங்கு வைத்திருப்பவர் கூரை மாற்றப் பணம் போட்டால் மற்ற பதினாறு பேருக்கும் சேர்த்துப் போட்டதாகிறது. யாரும் போடுவதில்லை. கூரை ஒழுகுகிறது. ஒழுகும் வீட்டுக்கு இன்னும் யாரும் போடுவதில்லை.

வாங்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பங்கை மட்டும் முதலில் வாங்குவார்கள். பிறகு பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடுவார்கள். மற்றவர்கள் அலுத்துப்போய்க் கையெழுத்து இடுவார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, பிரிக்கப்படாத குடும்பம் குடியிருக்கும் வீட்டின் பங்கை வெளியாள் வாங்கி வழக்குத் தொடுத்தால், அந்தப் பங்கைத் தாமே வாங்கிக்கொள்வதாகக் குடும்பத்துப் பங்குதாரர் ஒருவர் முன்வரலாம். நீதிமன்றம் விலை மதித்து அவருக்கே விற்கச் சொல்லும். பெங்களூர்க்காரரிடம் இதைச் சொன்னதும், வழக்கறிஞர் ஒருவரை அன்று மாலையே பார்க்கப் போனார்.

முனீஸ்வரன் கோவில் தெருவுக்கும் போனோம். செட்டிநாட்டு வீடுகளின் உறுப்புகள் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. சுவரோடு சாய்ந்து நிற்கும் நிலைகள், கதவுகள், தூண்கள், கஜலட்சுமி செதுக்கிய சூரியப்பலகைகள், பெல்ஜியம் கண்ணாடிகள், பெட்டகங்கள், ஊஞ்சல் சங்கிலிகள், யாரோ ஒரு தாத்தாவின் கோட்டுப் போட்ட புகைப்படம். ஒரு வீட்டைப் பிரிப்பதற்கு முறை உண்டு. முதலில் சாமான்கள் போகும், பிறகு கதவும் நிலையும், பிறகு தூண், உத்திரம், மேல்தளப் பலகை. தேக்கு கன அடிக் கணக்கில் போகிறது. கடைசியில் ஓடும் செங்கல்லும். இப்படிப் பிரித்து விற்று, காலி மனையையும் விற்றால் வரும் தொகை, வீட்டை வீடாக வாங்க வருகிறவர் தரும் தொகையைவிடக் கூடுதல். இந்தக் கணக்கு மாறாதவரை எத்தனை கூட்டம் போட்டாலும் வீடுகள் விழுந்துகொண்டேதான் இருக்கும். கடைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்கிறவர் இருப்பதால் வாங்குகிறார்கள். ஆனால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. நூறு வருஷத்துக்குக் குறையாத ஒரு பொருள் கட்டடத்திலிருந்து கழற்றப்பட்டால் அதைத் தொல்பொருள் என்கிறது அந்தச் சட்டம். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. அதே கதவு வீட்டில் நிலையோடு நின்று திறந்து மூடிக்கொண்டிருக்கும்வரை, அந்த வீட்டை அரசு தனியாக அறிவித்துப் பாதுகாத்தால் ஒழிய, அதற்கு எந்தக் காப்பும் இல்லை.

பிழைத்த வீடுகளும் உண்டு. கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கானாடுகாத்தானில் செட்டிநாடு மேன்ஷன் போன்றவை விருந்தினர் தங்கும் விடுதிகளாக நிற்கின்றன. காரைக்குடிப் பக்கத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோன ஒரு வீடு, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் மறுபடி எழுப்பப்பட்டிருக்கிறது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. எல்லாமே நல்லவை. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளும் விடுதியாக முடியாது, அருங்காட்சியகத்துக்கும் போக முடியாது. நடுத்தர வசதியுள்ள ஒரு குடும்பம், பதினேழு பங்காக இருந்தும் எப்படி வைத்துக் காப்பாற்றலாம் என்பதற்குத்தான் வழி காண வேண்டும். அந்தக் கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

மாடியில் ஒரு தகரப் பெட்டி நிறையக் காகிதங்கள் இருந்தன. பேரேடுகள், ஐந்தொகைகள், ரங்கூன் முத்திரை குத்திய கடித உறைகள், ரோஜாப்பூ அச்சிட்ட கல்யாண அழைப்பிதழ்கள். கரையான் ஓரத்தில் தொடங்கியிருந்தது. எடைக்குப் போட வைத்திருந்ததாகச் சொன்னார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படிப்பட்ட காகிதங்களைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் வீட்டில் சேர்ந்தவையே 1994-இல் சென்னையில் அவர் பெயரில் நூலகமாயின. அந்தக் கதையை ஆச்சியிடம் சொன்னோம். “அவுகளா? அவுக பழைய புஸ்தகம் கேட்டு இந்தப் பக்கமெல்லாம் வந்துருக்காக” என்றார். பெட்டி இப்போது எடைக்குப் போகவில்லை. பங்காளிகள் சம்மதம் வாங்கி ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வரைபடங்கள் முடிந்ததும் பதினேழு பேருக்கும் பிரதி அனுப்பினோம். தரைப்படத்தில் ஒவ்வொரு புள்ளியின் அறையும் அடுப்பும் பெயரோடு இருந்தன. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் தன் அப்பத்தாவின் அடுப்பு எந்தச் சுவரில் இருந்தது என்று முதல்முறையாகப் பார்த்திருக்கிறாள். வீடியோவில் பங்காளிகள் கூடிப் பேசினார்கள். விற்பதா வேண்டாமா என்பதில் முடிவு எட்டவில்லை. ஒன்பது இப்போது ஏழாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் படங்களில் மிகக் கவலை தந்தது இரண்டாம் கட்டின் கூரை. ஓர் ஓடு நழுவினால் தண்ணீர் உத்திரத்தின் நுனிக்கு இறங்கும், சுவருக்குள் புதைந்த அந்த நுனிதான் முதலில் இற்றுப்போகும், வெளியே பார்த்தால் மரம் திடமாகவே தெரியும். அங்கே மூன்று உத்திரங்களில் ஆணி விரல் தள்ளத் தள்ள உள்ளே போனது. ஐப்பசி மழைக்கு முன் உத்திர நுனிகளுக்கு முட்டுக் கொடுத்து, ஓடு மாற்றிவிட வேண்டும் என்று தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கையால் தட்டிச் செய்த அந்தச் சிறிய நாட்டு ஓடு சுற்றுவட்டாரத்தில் புதிதாகக் கிடைக்கவில்லை. பிரிக்கிற வீடுகளிலிருந்துதான் வாங்க வேண்டும் என்கிறார் கொத்தனார். பக்கத்து ஊரில் ஒரு வீட்டை அடுத்த வாரம் பிரிக்கத் தொடங்குகிறார்களாம். ஓடு இறக்குவதற்கு முன் இரண்டு நாள் அவகாசம் கேட்டு அந்த வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறேன். டேப்பும் கேமராவும் எடுத்துக்கொண்டு மாணவர்கள் நாளை கிளம்புகிறார்கள்.